அண்டாவுக்குள் படித்த கடல்

தென்காசியில் எங்கள் தெருவில் வாடகைப் பாத்திரக் கடை வைத்திருந்த அண்ணாச்சியைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு வரும். அப்புறம், "தங்கமான மனுசரு" என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவர் கடையைக் காலி பண்ணிவிட்டு மகன் வீட்டோடு இருக்கக் கோயம்புத்தூருக்குப் போய் நாலு வருசம் ஆகிறது. இன்னும் இந்தத் தெருவில் கல்யாணப் பேச்சு எடுத்தால், "அண்ணாச்சி இருந்தா ஒரு சொல்லு போதும்" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நான் அந்த இடத்தில் மட்டும் பேச்சை மாற்றிவிடுவேன்.

அவர் கடைக்கு நேர் எதிரே என் தையல் கடை. அண்ணாச்சி ஆள் குட்டை. சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். நாம் ஒன்றைக் கேட்க வாயெடுத்ததும் அவர் தலை ஆடத் தொடங்கிவிடும். என்ன கேட்கப் போகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. "ஆவட்டும், பாத்துக்கிடுவோம்" என்பார். அந்தப் 'பாத்துக்கிடுவோ'மை அவர் சொல்லும் விதத்தில், வேலை பாதி முடிந்துவிட்ட மாதிரி இருக்கும். தைத்த துணியை வாங்க வருகிறவர்களிடம் நானும் அதே மாதிரி சொல்லிப் பார்த்திருக்கிறேன். எனக்கு வரவில்லை. "எப்பம்மா தருவ, அதச் சொல்லு" என்று கேட்டுவிடுவார்கள்.

தை மாதத்தில் ஒரு முகூர்த்த நாள். அவரிடம் பெரிய அண்டா இரண்டுதான். மூன்று வீட்டுக்குப் பாத்துக்கிடுவோம் சொல்லியிருந்தார். முதல் நாள் சாயங்காலம் மூன்றாவது வீட்டுக்காரர் வந்து நின்றார். அண்ணாச்சி அவரை நாற்காலியில் உட்கார வைத்தார். கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மாப்பிள்ளைக்கு எந்த ஊர், என்ன வேலை, மறுவீடு எப்போது என்று எல்லாம் விசாரித்தார். பிறகு கடைக்குள் தலையை நீட்டி, "ஏளா, இவுக அண்டாவுக்கு வந்திருக்காக, என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விட்டார்.

அவர் வீட்டுக்காரி, எங்களுக்கெல்லாம் மதினி, வெளியே வந்தாள். "அண்டா ரெண்டும் போயாச்சு. வேற கடையில பாருங்க."

"உங்க வீட்டுக்காரரு தாரேன்னாரே!"

"அவுக சொல்லுவாக. இல்லாத அண்டாவ நான் எங்கன போயி எடுக்க?"

வந்தவர் தெருவில் நின்று ஏசினார். அண்ணாச்சியை இல்லை, மதினியை. "அந்த மனுசன் எப்பேர்ப்பட்ட ஆளு. அவருக்கு வந்து வாச்சது பாரு." நான் தையல் மிசினில் இருந்தபடி அதற்கு 'உச்' கொட்டினேன். தெருவே அப்படித்தான் கொட்டும்.

மதினி இல்லாத நாளில் குட்டியானை வண்டி டிரைவர் வாயால் அந்த 'இல்லை' சொல்லும் வேலை நடக்கும். "வண்டி பஞ்சர், பாத்திரம் ஏத்த முடியாது" என்று அவர் போனில் சொல்லுவார். வண்டி கடை வாசலிலேயே நாலு சக்கரமும் கல்லுப் போல நிற்கும். இதையெல்லாம் பார்த்துச் சிரித்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் யோசித்ததில்லை. ஏனென்றால் எனக்கு அவர் செய்தது வேறு. என் அம்மா தவறிய அன்று நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட ஆளும் இல்லை. நான் எழுந்து முகம் கழுவுவதற்குள் பந்தல் நின்றது, நாற்காலி வந்தது, வந்தவர்களுக்குக் காப்பி வந்தது. பதினாறாம் நாள் வரைக்கும் அந்த மனுசர் என் வாசலை விட்டு நகரவில்லை. அப்படிப்பட்டவரிடம் எதைத்தான் சொல்லாமல் இருப்போம்?

சொன்னேன். ஒரு ஆடி மாதம், சாரல் அடித்துக்கொண்டிருந்தது. தெருவில் பாதி வீடு பூட்டி, ஆளெல்லாம் குற்றாலத்தில். அண்ணாச்சி தலையில் எண்ணெய் வழிய, துண்டோடு என் கடை வாசலில் நின்றார்.

"ஏன் தங்கச்சி, நீ ஒரு நாளும் அருவிக்கு வரவே மாட்டேங்கியே. மூணு மைல்ல அருவிய வச்சுக்கிட்டு வீட்டுல செம்புல மோந்து குளிக்க பொம்பள நீ ஒருத்திதான்."

எனக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. அருவியில் நிற்கும்போது வந்துவிட்டால் என்னாவது என்று அம்மா என்னை ஒரு நாளும் விட்டதில்லை. கேட்பவர்களிடம், "அவளுக்குச் சளி பிடிக்கும்" என்பாள். மாத்திரையில் அடங்கி, கடைசியாக வந்து பதினோரு வருசம் ஆகியிருந்தது. ஆனால் அம்மா சொன்ன பொய்யை நானும் சொல்லிப் பழகிவிட்டேன். அண்ணாச்சியிடம்தான் முதன்முதலாக உண்மையைச் சொன்னேன். கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இத என்னோட வச்சுக்கிடுதேன்" என்றார். அதற்குப் பிறகு, "தண்ணிக்குள்ள போவணும்னு ஆசை உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு."

"பாத்துக்கிடுவோம்."

அடுத்த மாதமே அவர் கையில் ஒரு வீடியோ இருந்தது. அந்தமானில் ஒரு சின்னத் தீவு. மூக்கையும் கண்ணையும் மூடிய கண்ணாடி, வாயில் ஒரு குழாய், முதுகு மேலே, முகம் கீழே. நீச்சல் வேண்டாம், ஜாக்கெட் போட்டால் மிதக்கலாம், கூடவே வழிகாட்டுகிற ஒரு ஆள் வருவார். கண்ணாடிக்குக் கீழே மஞ்சள் மஞ்சளாய் மீன். அதை நான் அன்றைக்கு ஒன்பது தடவை பார்த்தேன்.

தெருவில் பத்துப் பேரைச் சேர்த்தார். பத்துப் பேர் இருந்தால்தான் அங்கே தனிப் படகு. அந்தமானில் வழிகாட்டியாக இருந்த தம்பியும் தமிழ்தான். அவருடைய தாத்தா காலத்திலேயே ராமநாதபுரம் பக்கமிருந்து போய்க் குடியேறிய குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தோறும் அண்ணாச்சி அவருக்குப் போன் போட்டு, ஒரு அண்டாவைக் கவிழ்த்து அதன்மேல் போனை வைப்பார். குரல் அண்டாவில் மோதி, கோயில் மைக் மாதிரி முழங்கும். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம்.

"காலைல தண்ணி ஏறுற நேரம்தான் நல்லது. ஏழரைக்குப் படகுல இருக்கணும்" என்று தம்பி சொல்லுவார். தினக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அண்ணாச்சி எழுதிக்கொள்வார். ஆறு மணிக்கு எழும்பணும், ஆறேகாலுக்கு ஆளுக்கு மூன்று இட்லி, அதற்கு மேல் கிடையாது.

"கால் ஊனலாமா தம்பி?" இது ரிட்டயர்டு டீச்சர்.

"ஊனாதீங்கம்மா. பவளப்பாறை உயிருள்ளது, செத்துப்போகும்."

"நைட்டியோட எறங்கலாமா?"

"வேண்டாம்மா. தண்ணியில குடை மாதிரி விரிஞ்சு மேல வந்துரும்."

டீச்சர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். பெண்கள் நாலு பேருக்கும் இறுக்கமான பேண்டும் முழுக்கைச் சட்டையும் தைக்கிற வேலை எனக்கு வந்தது. எனக்கென்று ஒன்று தைத்தபோது கடையின் கதவைச் சாத்திவிட்டு இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன்.

"எண்ணெய், கிரீம் எதுவும் பூசிக்கிட்டு வரக்கூடாது. முகத்துல எண்ணெய் இருந்தா கண்ணாடி பிடிக்காது" என்றும் தம்பி சொன்னார். போனை வைத்ததும் மரக்கடைப் பெரியவர் எழுந்தார். எழுபது வயது, வருசம் தவறாமல் அருவியில் நிற்கிறவர்.

"ஏலே, எண்ணெய் தேய்க்காமத் தண்ணியில எறங்கினா ஒடம்பு என்னத்துக்கு ஆகும்? நான் லேசாத் தேச்சுக்கிடுவேன், என்ன?"

அண்ணாச்சியின் தலை ஆடியது. "பாத்துக்கிடுவோம் பெரியவரே."

விமானத்தில் ஒரே ஜன்னல் ஓர சீட்டை நாலு பேருக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

கண்ணாடியும் குழாயும் வந்ததும் முதல் பயிற்சி ஐந்தருவியில். அருவிக்காரர்களுக்கு வேறு எங்கே புத்தி போகும்? கூட்டம் இல்லாத ஒரு காலை நேரம். நான் எல்லோருடைய பையையும் செருப்பையும் பார்த்துக்கொண்டு வெளியே நின்றேன். ஆண்கள் ஐந்து பேர் கண்ணாடி மாட்டி, குழாயைக் கடித்துக்கொண்டு அருவிக்குக் கீழே போய் நின்றார்கள். மேலேயிருந்து விழுந்த தண்ணீர் நேராகக் குழாய் வழியே வாய்க்குள் போனது. இருமிக்கொண்டு ஓடி வந்தார்கள். மிளகாய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தவர் கரண்டியைத் தூக்கிக்கொண்டு கத்தினார்:

"அண்ணாச்சி, தண்ணி மேல இருந்துல்லா விழுது! குழாயத் தலகீழாக் கடிங்க!"

அதற்கு அப்புறம்தான் பயிற்சி அண்டாவுக்கு மாறியது. பாத்திரக் கடையின் பின்கட்டில் சின்னதும் பெரிசுமாக நாலு அண்டாவில் தண்ணீர் நிரப்பி, ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முகத்தை உள்ளே விட்டு, குழாயால் மூச்சு விட வேண்டும். அண்ணாச்சி பக்கத்தில் நின்று எண்ணுவார். டீச்சர் இருபதுக்கு மேல் தாங்க மாட்டாள். மரக்கடைப் பெரியவர் நடுவில் பேச ஆரம்பித்து, தண்ணீர் குடித்துவிடுவார். நான் முதல் நாளே இருநூறைத் தாண்டினேன். தண்ணீருக்குள் கண் திறந்து பார்த்தது என் நாற்பத்திரண்டு வயதில் அதுதான் முதல். அண்டாவின் அடியில் கடையின் முதலெழுத்து வெட்டியிருக்கும். அது கண்ணாடி வழியாக உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. ஒரு சோற்றுப் பருக்கை மெல்ல உருண்டு போனது. மூச்சுச் சத்தம் மட்டும் காதில். வெளியே தூரத்தில் அண்ணாச்சி எண்ணுகிறார். நான் தலையைத் தூக்கியபோது அவர் துண்டை நீட்டி, "கடல் ஒனக்காகத்தான் காத்துக் கெடக்கு தங்கச்சி" என்றார். அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு நாலு மாதம் ஓட்டினேன்.

ஒரு தடவை, "டாக்டர்ட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடவா அண்ணாச்சி?" என்றேன்.

"அவன்ட்டக் கேட்டா இல்லைன்னுதான் சொல்லுவான். தொழிலே அதுதான அவனுக்கு."

மாசி மாதம் புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது ஆளுக்கு ஒரு தாள் வந்தது. இங்கிலீஷில் இருந்தது. உடம்புக்கு என்னென்ன உண்டு என்று வரிசையாகக் கேட்டு, அடியில் கையெழுத்து.

"வலிப்பு உண்டான்னு கேட்டிருக்கானே அண்ணாச்சி?"

"அந்தத் தம்பிகிட்ட நான் தனியாப் பேசிட்டேன். ஒன் பக்கத்துலயே ஒரு ஆளு, கையப் பிடிச்சுக்கிட்டே வருவான். நீ கீழ கையெழுத்து மட்டும் போடு, மத்ததப் பாத்துக்கிடுதேன்."

போட்டேன்.

முகூர்த்த மாதம் என்பதால் மதினி வரவில்லை, கடையைப் பார்த்துக்கொண்டாள். நாங்கள் சென்னைக்கு ரயிலில் போய், அங்கிருந்து விமானம் ஏறி, பிறகு கப்பலில் அந்தத் தீவுக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலை ஏழே காலுக்கே கரையில் நின்றோம். தண்ணீர் அப்படி ஒரு நிறம், நான் அந்த நிறத்தில் துணி வெட்டியதில்லை.

முதலில் எண்ணெய்ப் பிரச்சினை. மரக்கடைப் பெரியவர் மட்டும் இல்லை, அவரைப் பார்த்து இன்னும் மூன்று பேர் தலையிலிருந்து கால் வரை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். கண்ணாடி முகத்தில் நிற்கவில்லை, வழுக்கி மீசைக்கு வந்தது. தம்பி தலையில் அடித்துக்கொண்டார்.

"போன்ல சொன்னேனேண்ணே!"

அண்ணாச்சி கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோப்பைக் கொடுத்துப் பெரியவரைக் கழுவச் சொன்னது தம்பிதான். பெரியவர் திட்டியதும் தம்பியைத்தான்.

அது முடிந்ததும் தம்பி ஒரு கட்டுத் தாளோடு வந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, உடம்புக்கு ஏதும் உண்டா என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். என் முறை வந்தது. இவருக்குத்தான் விசயம் தெரியுமே, ஊராருக்காகக் கேட்கிறார் என்று நினைத்தேன்.

"ஒண்ணும் இல்ல தம்பி" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "வலிப்பு உண்டுன்னு எழுதியிருக்கே அக்கா."

ஒன்பது தலையும் திரும்பியது. நாற்பது வருசமாக அம்மாவும் நானும் சளி என்று சொல்லி மூடி வைத்தது, கடற்கரையில் சத்தமாக வந்து விழுந்தது. அதோடு நான் பொய் சொன்னதும் சேர்ந்து விழுந்தது. நான் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது.

"பேசிட்டேன்னு சொன்னீகளே அண்ணாச்சி?"

அவர் வழிகாட்டித் தம்பி பக்கம் திரும்பினார். "தம்பி, ஒரு பத்து நிமிசம் மட்டும்…" என்று இழுத்தார்.

"முடியாதுண்ணே. தண்ணிக்குள்ள வந்துட்டா அஞ்சு நிமிசம்கூடத் தாங்காது. மன்னிச்சுக்கோங்க அக்கா, நீங்க படகுல இருந்துக்கலாம்."

தம்பி சொன்னது நியாயம். அவர்மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. படகில் உட்கார்ந்தேன். நான் தைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டு எல்லோரும் இறங்கினார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டோடு ஒன்பது முதுகும் எண்ணெயில் வேகிற வடை மாதிரி மிதந்தன. ஒவ்வொரு குழாயிலிருந்தும் மூச்சுச் சத்தம் வந்தது. எனக்கு அந்தச் சத்தம் உள்ளிருந்து எப்படிக் கேட்கும் என்று தெரியும்.

அங்கே உட்கார்ந்துதான் எனக்கு எல்லாம் விளங்கிய மாதிரி இருந்தது. அண்ணாச்சிக்கு என்னிடம் 'முடியாது' என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் தாளில் எழுதி, ஆயிரம் மைலுக்கு அப்பால் இன்னொருத்தர் வாயால் சொல்ல வைத்துவிட்டார். பத்தாவது ஆள் இல்லையென்றால் படகு இல்லை, அதனால் கடைசி நிமிசம் வரை வாயை மூடிக்கொண்டார். அண்டாவும் எண்ணிக்கையும் "கடல் காத்துக் கெடக்கு"ம் எல்லாம் ஆளைப் பிடித்து வைக்க.

திரும்பி வரும்போது டீச்சர் என் தோளில் கை போட்டாள். "அண்ணாச்சி உண்மைய எழுதாம விட்டிருந்தா ஒங்கதி என்னாயிருக்கும்? அவரக் கையெடுத்துக் கும்பிடு."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். "அவ நல்லா இருந்தாச் சரி டீச்சர்" என்றார். பிறகு என் பக்கமாகச் சாய்ந்து, "முன்னாலயே சொன்னா நீ வந்திருக்க மாட்டியே தங்கச்சி" என்றார்.

ஊர் வந்து மூன்றாம் நாள். கடையில் தனியாக இருந்தேன். மதினி ஒரு ஜாக்கெட்டை இறுக்கித் தர வேண்டும் என்று கொண்டுவந்தாள். அளவு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சும்மா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"தண்ணியில எறங்க விடலையாமே?"

"ஆமா. ஒங்க வீட்டுக்காரரு எழுதிக் குடுத்திருந்தாரே."

"அவுக எழுதல. அவுகளுக்கு ஏது இங்கிலீஷு? பத்துத் தாளும் நான்தான் எழுதினேன்."

மிசினை நிறுத்தினேன்.

"ஒன் தாளு வந்ததும், எல்லாத்துக்கும் நோன்னு போடுன்னாக. போட்டுக்கிட்டே வந்தேன். அப்பம் அவுகளாவே சிரிச்சுக்கிட்டு, 'பாவம், அவளுக்கு வலிப்பு உண்டு. அந்தத் தம்பிகிட்டச் சொன்னா விட மாட்டான்'னாக. எனக்குக் கை நின்னுபோச்சு. கடலுக்குள்ள வந்துட்டா என்ன செய்யன்னு கேட்டேன். பாத்துக்கிடுவோம்னாக." மதினி சேலை நுனியை விரலில் சுற்றினாள். "டீ குடிக்கப் போனாக. அந்நேரம் ஒரு எடத்துல மட்டும் மாத்திப் போட்டு, போட்டோ புடிச்சு அனுப்பிட்டேன்."

கரையில் அவர் முகம் வெளுத்தது வெட்கத்தால் என்று நினைத்திருந்தேன். அந்தத் தாளில் இருந்தது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் டீச்சர் புகழ்ந்ததைக் குனிந்த தலையோடு வாங்கிக்கொண்டும் இருக்கிறார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மதினி?"

"நாலு தடவ ஒங்கடை வாசல் வரைக்கும் வந்தேன். நான் சொன்னா நீ நம்பியிருப்பியா? அந்த மனுசனுக்கு வந்து வாச்சது பாருன்னு தெருவுல சொல்லுறவதான நீயும்?"

சொல்லியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்த்து, "ஆமா மதினி" என்றேன். அவள் அந்த ஜாக்கெட்டைத் திரும்ப மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று சாயங்காலம் அவர் வந்தார். என் கடை வாசலில் நின்று, கண் மூடச் சிரித்து, "அடுத்த வருசம் ஆலப்புழ போவமா தங்கச்சி? படகுலயே தங்கலாம், தண்ணியில எறங்க வேண்டாம்" என்றார்.

"என் தாள்ல என்ன எழுதச் சொன்னீக அண்ணாச்சி?"

சிரிப்பு அப்படியே நின்றது. எதிர்க்கடையைத் திரும்பிப் பார்த்தார். மதினி அங்கே கரண்டிகளை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அருவியில நனையாதவம்மா நீ" என்றார். குரல் உடைந்தது. அது நடிப்பு இல்லை, அதுதான் எனக்கு இன்னும் பொறுக்கவில்லை. "ஆசையாக் கேட்ட. ஒன்னையப் பாத்து முடியாதுன்னு சொல்ல எனக்கு மனசு வரல."

"நான் செத்திருப்பேன்."

"அப்படி ஒண்ணும் ஆயிராதுன்னு நெனச்சேன்."

அவர் கண்ணில் தண்ணீர் வழிந்தது. என் அம்மா கிடந்தபோது அழுத அதே அழுகை. துண்டால் துடைத்துக்கொண்டு, "மனசுல வச்சுக்கிடாத தங்கச்சி. என்னைய மன்னிச்சிட்டேல்லா?" என்றார்.

"இல்லை அண்ணாச்சி" என்றேன்.

அவர் நகரவில்லை. யாராவது பின்னாலேயே வந்து, அவள் அப்படிச் சொல்லவில்லை, இப்படித்தான் சொன்னாள் என்று மாற்றிச் சொல்லப்போகிறார்கள் என்பது மாதிரி வாசலிலேயே நின்றார். யாரும் வரவில்லை. நான் ஊசியில் நூலைக் கோத்து, மிசினை மிதிக்கத் தொடங்கினேன்.